1849-ல இருந்து அதே மாவா? சான்ஃபிரான்சிஸ்கோவின் புளிப்பு ரொட்டிக் கடையில் ஒரு காலை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

ரெண்டு வாரமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. ஆபீஸ் வேலையா அமெரிக்கா போயிருந்தேன், சான்ஃபிரான்சிஸ்கோ பக்கத்துல பத்து நாள். அதுல ஒரே ஒரு சனிக்கிழமைதான் முழுசா என் கையில இருந்துச்சு. கோல்டன் கேட் பாலத்துக்குப் போ, அல்கட்ராஸ் தீவுக்குப் போன்னு ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தாங்க. நான் போனது ஒரு பேக்கரிக்கு.

சிரிக்காதீங்க. அது 1849-ல ஆரம்பிச்ச பேக்கரி. பேரு போடீன். பிரெஞ்சுப் பெயர், அந்த ஊர்க்காரங்க போடீன்னுதான் சொல்றாங்க. அவங்க ரொட்டியில விசேஷம் என்னன்னா, 1849-ல கலந்து வச்ச ஒரு புளிச்ச மாவு இன்னைக்கு வரைக்கும் அறுபடாம தொடர்ந்து வருதுன்னு சொல்றாங்க. அதுக்குத் தாய் மாவுன்னே பேரு. நேத்து மாவுல கொஞ்சம் எடுத்து இன்னைக்கு மாவுல சேர்க்கறாங்க, இன்னைக்கு மாவுல கொஞ்சம் நாளைக்கு. 170 வருஷத்துக்கு மேல இப்படியே.

என் வேலை சர்வரைப் பார்த்துக்கறது. ஒரு சிஸ்டம் மூணு மாசம் விழாம ஓடினாலே நாங்க கேக் வெட்டுவோம். 170 வருஷ அப்டைம்னு யாராவது சொன்னா, போய்ப் பார்க்காம இருக்க முடியுமா? இன்னொரு காரணமும் இருந்துச்சு. எனக்கும் எங்க அம்மாவுக்கும் நடுவுல தயிர் விஷயமா ஒரு பழைய பாக்கி இருக்கு. அதை அப்புறம் சொல்றேன்.

கண்ணாடிக்கு வெளியே

காலையில எம்பார்கடேரோ ஓரமா போற பழைய காலத்து டிராம்ல ஏறினேன். ஃபிஷர்மேன்ஸ் வார்ஃப்ல இறங்கினதும் ரெண்டு வாசனை வரும். ஒண்ணு கடல், மீன், நண்டு வேகற வாசனை. இன்னொண்ணு ரொட்டி. அந்த ரெண்டாவது வாசனையைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா ஜெஃபர்சன் தெருவுல கடை வந்துடும்.

இந்தக் கட்டடம் 2005-ல திறந்தது. அதனால பழைய செங்கல் சுவர், கரி பிடிச்ச அடுப்புன்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. தெருவைப் பார்த்த மாதிரி பெரிய கண்ணாடி. உள்ளே ரொட்டி போடறவங்க வேலை செய்யறதை நடைபாதையில நின்னே பார்க்கலாம். ஆமை, முதலை, நண்டு உருவத்துல ரொட்டி செஞ்சு அடுக்கியிருப்பாங்க. குழந்தைங்க மூக்கைக் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு நிக்கும். உள்ளே போனா தலைக்கு மேல கம்பியில தொங்கற கூடைகள் ரொட்டியைச் சுமந்துக்கிட்டு ஊர்ந்து போகுது. ஒரு சின்ன அருங்காட்சியகமும் உண்டு.

நான் நேரா சாப்பாட்டுக்குப் போனேன். உருண்டை ரொட்டியைக் குடைஞ்சு கிண்ணம் மாதிரி ஆக்கி, அதுல சூப் ஊத்தித் தருவாங்க. சிப்பி சூப்தான் அங்கே ஃபேமஸ். நான் தக்காளி சூப் வாங்கினேன். ரொட்டியோட மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். உள்ளே கொஞ்சம் இழுக்கும், மெல்ல வேண்டியிருக்கும். புளிப்பு முதல் கடியில தெரியாது. விழுங்கின பிறகு நாக்கோட ரெண்டு ஓரத்துலயும் மெதுவா வந்து உட்காரும். மூணாம் நாள் தோசை மாவுல ஊத்தின தோசை பிடிக்கும்னு சொல்றவங்க நம்மகிட்ட நிறைய பேர் இருக்கோம் இல்ல? அவங்களுக்கு இந்த ஊர் ரொட்டி பிடிக்கும்.

புளிப்பு ரொட்டின்னா என்ன?

கோதுமை மாவு, தண்ணி, உப்பு. அவ்வளவுதான் ரெசிப்பி. பாக்கெட் ஈஸ்ட் கிடையாது. அப்போ மாவு எப்படி உப்புது?

மாவையும் தண்ணியையும் கலந்து வெளியே வச்சா, மாவுலயே ஒட்டிக்கிட்டு இருக்கற நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். இதுல ரெண்டு கூட்டம். ஒண்ணு ஈஸ்ட். இது சர்க்கரையைத் தின்னு கரியமில வாயுவை விடும். கோதுமையில இருக்கற குளூட்டன் ரப்பர் மாதிரி இழுபடறதால, அந்த வாயு வெளியே ஓட முடியாம மாவுக்குள்ளேயே குமிழ் குமிழா மாட்டிக்கும். இன்னொண்ணு லாக்டிக் அமிலப் பாக்டீரியா. தயிரைப் புளிக்க வைக்கற அதே பரம்பரை. இது லாக்டிக் அமிலமும் கொஞ்சம் அசிட்டிக் அமிலமும் தரும். முதல்ல சொன்னது தயிர்ப் புளிப்பு, அடுத்தது வினிகர்ப் புளிப்பு. ரெண்டும் எந்த அளவுல கலக்குதுங்கறதைப் பொறுத்து ரொட்டியோட ருசி மாறும். அந்த அமிலம் இருக்கறதாலதான் இந்த ரொட்டியில சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது.

நம்ம இட்லி மாவுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. இட்லி மாவை ஒவ்வொரு தடவையும் அரிசி, உளுந்துல இருந்து புதுசா ஆரம்பிக்கறோம். பழைய மாவைச் சேர்க்கணும்னு கட்டாயம் இல்லை. தாய் மாவு அப்படி இல்லை. அது தயிர் மாதிரி. நேத்து தயிர் இல்லாம இன்னைக்குத் தயிர் இல்லை.

தங்கம் தேடி வந்த ஊர்

1848 ஜனவரியில கலிஃபோர்னியாவுல தங்கம் கிடைச்சது. அடுத்த வருஷமே உலகம் முழுக்க இருந்து ஆட்கள் கிளம்பி வந்துட்டாங்க. சான்ஃபிரான்சிஸ்கோ அப்போ ஒரு சின்ன கிராமம் அளவுதான். கண்ணுக்கு எதிரே நகரமாச்சு. அந்தக் கூட்டத்தோட பிரான்ஸின் பர்கண்டி பகுதியில இருந்து வந்த ரொட்டிக்காரக் குடும்பம்தான் போடீன் குடும்பம். இசிடோர் போடீன் 1849-ல கடையை ஆரம்பிச்சார்.

இந்த இடத்துல ஒரு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. 1849-ல புளிப்பு மாவுல ரொட்டி செய்யறது ஒண்ணும் அதிசயமே இல்லை. கடையில ஈஸ்ட் பாக்கெட் வாங்கற வசதி அப்போ கிடையாது. சுரங்கத்துக்குப் போனவங்களும் புளிச்ச மாவைக் கூடவே கொண்டு போனாங்க. பின்னாடி அலாஸ்கா, யூக்கான் பக்கம் தங்கம் தேடிப் போய் அனுபவப்பட்ட ஆட்களுக்கு ‘சவர்டோ’ன்னே பட்டப்பெயர் வந்துச்சு. அந்த ஊர் கால்பந்து டீம் பேரு ஃபார்ட்டி நைனர்ஸ், அதோட பொம்மை பேரு சவர்டோ சாம்.

1868-ல ஃப்ளைஷ்மன் கம்பெனி கட்டியா அழுத்தின ஈஸ்ட்டை அமெரிக்காவுல விக்க ஆரம்பிச்சுது. வேகமா உப்பும், புளிக்காது, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வரும். எங்க பாஷையில சொன்னா, எல்லாரும் புது பிளாட்ஃபார்முக்கு மைக்ரேட் ஆகிட்டாங்க. சான்ஃபிரான்சிஸ்கோவுல ஒரு சில கடைகள் மட்டும் மாறலை. தினமும் மாவுக்குத் தீனி போட்டுக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் விட்ட பிறகும் இவங்க விடாததாலதான் சாதாரண ரொட்டி விசேஷ ரொட்டியாச்சு.

விடாம இருக்கறது சுலபமும் இல்லை. 1856-ல ஆரம்பிச்ச பாரிசியன், 1896-ல ஆரம்பிச்ச லராபூரூ, ரெண்டுமே அந்த ஊர்ல போடீனுக்கு இணையா பேசப்பட்ட பேக்கரிகள். லராபூரூ 1976-ல மூடிட்டாங்க. பாரிசியனும் இப்போ இல்லை.

ஒரு வாளி மாவு

1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5 மணி 12 நிமிஷம். பெரிய நிலநடுக்கம். அதுக்கு மேல தீ. தண்ணீர்க் குழாய்கள் உடைஞ்சு போச்சு, அணைக்க வழியில்லை. நாள்கணக்கா எரிஞ்சுது. நகரத்துல பெரும்பகுதி அழிஞ்சு போச்சு. செத்தவங்க 3,000 பேருக்கு மேலன்னு இப்போ கணக்கு சொல்றாங்க.

அப்போ பேக்கரியை நடத்தினது இசிடோரோட மனைவி லூயிஸ் போடீன். கணவர் இறந்த பிறகு அவங்கதான் பொறுப்பு. கடை போன அந்த நேரத்துல, தாய் மாவுல ஒரு பங்கை ஒரு வாளியில அள்ளிக்கிட்டு வெளியே வந்தாங்கன்னு பேக்கரி சொல்ற வரலாறு. பிறகு வேற இடத்துல கடை போட்டு, அந்த வாளி மாவுல இருந்து திரும்ப ஆரம்பிச்சாங்க. 1941-ல ஸ்டீவன் ஜிராடோன்னு இத்தாலியில இருந்து வந்த ஒரு ரொட்டிக்காரர் கைக்குக் கடை போச்சு. குடும்பம் மாறிச்சு, கட்டடம் மாறிச்சு, மாவு மாறலைன்னு கதை.

அருங்காட்சியகத்துல இந்த வாளிக் கதையைப் பார்த்துக்கிட்டு நிக்கறப்போதான் என் ஃப்ரெண்ட் வந்து சேர்ந்தான். காலேஜ்ல என்கூடப் படிச்சவன், சேலத்துக்காரன், இப்போ அங்கே வேலை. எல்லாத்தையும் படிச்சுட்டு ஒரே கேள்வி கேட்டான்.

“மச்சி, இது 1849 மாவா? சும்மா சொல்லாதடா. கணக்குப் போடு.”

போட்டோம். டிஷ்யூ பேப்பர்லதான்.

டிஷ்யூ பேப்பர் கணக்கு

ஒரு கிலோ தாய் மாவு இருக்குன்னு வச்சுக்குவோம், பாதி மாவு, பாதி தண்ணி. தினமும் அஞ்சுல ஒரு பங்கை மட்டும் வச்சுக்கிட்டு, மீதி நாலு பங்குக்குப் புது மாவும் புதுத் தண்ணியும் சேர்க்கறோம். இந்த அஞ்சுல ஒண்ணுங்கறது நாங்க வச்சுக்கிட்ட எண்ணிக்கை. ஒவ்வொரு கடையிலயும் வேற மாதிரி இருக்கலாம், ஆனா முடிவு பெருசா மாறாது.

முதல் நாள் மாவுல மறுநாள் மிஞ்சறது 5-ல ஒண்ணு. அடுத்த நாள் 25-ல ஒண்ணு. அதுக்கு அடுத்த நாள் 125-ல ஒண்ணு. பத்தாவது நாள் கிட்டத்தட்ட ஒரு கோடியில ஒண்ணு. அரை கிலோ தண்ணியில இருக்கற மூலக்கூறுகளோட எண்ணிக்கை, 17 போட்டு அதுக்குப் பின்னாடி 24 சைபர். கேட்க முடிவே இல்லாத மாதிரி இருக்கு இல்ல? 37 நாள்ல முடிஞ்சுடும். 37-வது நாள் அந்த மாவுல, முதல் நாள் ஊத்தின தண்ணியோட ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பு குறைவு.

அதாவது 1849-ல கலந்த மாவு அந்த வருஷமே காலி. லூயிஸ் அம்மா வாளியில அள்ளினப்போ 57 வருஷம் ஆகியிருந்துச்சு. தினமும் ஒரு தடவைன்னு வச்சாலும் 20,000 தடவைக்கு மேல புது மாவு சேர்ந்திருக்கும். வாளிக்குள்ள 1849 ஒரு துளிகூட இல்லை.

“அவ்ளோதான் மச்சி. மார்க்கெட்டிங்,” அப்படின்னான் அவன்.

எனக்கு அப்படி முடிக்க மனசு வரலை. மாவு போனா என்ன, மாவுக்குள்ள இருந்த உயிர் தொடர்ந்து வந்திருக்கே. அது என்னன்னு பார்க்கலாம்னு தோணுச்சு.

மால்டோஸ் கேட்ட பாக்டீரியா

சான்ஃபிரான்சிஸ்கோ ரொட்டி ஏன் இப்படிப் புளிக்குதுன்னு ரொம்ப நாளா ஒரு புதிர் இருந்துச்சு. 1971-ல லியோ க்ளைன், ஃபிராங்க் சுகிஹாரா அப்படின்னு ரெண்டு பேர், பக்கத்துல அல்பனிங்கற ஊர்ல இருந்த அமெரிக்க அரசு வேளாண்துறை ஆய்வகத்துல இதைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் பாக்டீரியா அடம்பிடிக்கற ரகம். லேப்ல வழக்கமா வைக்கற தீனியில சரியா வளராது. மால்டோஸ்ங்கற சர்க்கரை வேணும். அதைக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்துச்சு. ஊர் பேரையே அதுக்கு வச்சாங்க: சான்ஃபிரான்சிசென்சிஸ். முன்னாடி லாக்டோபேசில்லஸ்னு ஒரு குடும்பப் பெயர் இருந்துச்சு. 2020-ல அந்தப் பெரிய குடும்பத்தைப் பிரிச்சப்போ ஃப்ரக்டிலாக்டோபேசில்லஸ்னு ஆக்கிட்டாங்க.

இது எப்படி ஈஸ்ட்டோட குடித்தனம் நடத்துதுங்கறதுதான் அழகு. மாவுல இருக்கற மாச்சத்து உடைஞ்சா மால்டோஸ் வரும். பாக்டீரியாவுக்குப் பிடிச்சது அதுதான். கூட இருக்கற ஈஸ்ட் மால்டோஸைத் தொடவே தொடாது. அதனால தட்டுக்கு அடிதடி கிடையாது. பாக்டீரியா மால்டோஸை உடைக்கும்போது கொஞ்சம் குளுகோஸை வெளியே தள்ளும், அது ஈஸ்ட்டுக்குச் சாப்பாடு. பதிலுக்கு இந்த ஈஸ்ட், பாக்டீரியா கக்கற அமிலத்தைத் தாங்கிக்கும். வெளியில இருந்து வர்ற மற்ற நுண்ணுயிர்களால அந்தப் புளிப்புல தலைதூக்க முடியாது. ஒரு ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய 100 பாக்டீரியாங்கற கணக்குல இந்தக் குடித்தனம் நிலையா ஓடும்.

சரி, ஊர் பேரு வச்சாச்சே, அப்போ அந்த ஊருக்கு மட்டும் சொந்தமா? அங்கே எல்லாரும் கடல் பனிமூட்டம்தான் காரணம்னு பெருமையா சொல்வாங்க. இதே பாக்டீரியா ஜெர்மனியிலயும் இத்தாலியிலயும் ரொட்டி மாவுகள்ல இருக்கு. 2021-ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, நாலு கண்டங்கள்ல இருந்து 500 வீட்டு ஸ்டார்ட்டர்களை எடுத்துப் பார்த்தாங்க. எந்த ஊர் மாவுங்கறதுக்கும் உள்ளே எந்த நுண்ணுயிர் இருக்குங்கறதுக்கும் பெரிய சம்பந்தம் தெரியலை. பெல்ஜியத்துல நடந்த இன்னொரு ஆய்வுல, 14 நாட்டு ரொட்டிக்காரர்களுக்கு ஒரே மாவைக் கொடுத்து அவங்கவங்க ஊர்ல ஸ்டார்ட்டர் செஞ்சு கொண்டு வரச் சொன்னாங்க. அவங்க கைகளையும் துடைச்சு எடுத்துச் சோதிச்சாங்க. தினமும் மாவு பிசையற அந்தக் கைகள்ல, மாவுல இருக்கற அதே பாக்டீரியாக் கூட்டம் மத்தவங்க கையை விட ரொம்ப அதிகம். மாவு கையை மாத்துது, கை மாவை மாத்துது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இதுதான். இந்தச் சான்ஃபிரான்சிஸ்கோ பாக்டீரியாவோட டிஎன்ஏ ரொம்பச் சின்னது. சுமார் 13 லட்சம் எழுத்துகள்தான். தன் சொந்தக்காரங்களோட ஒப்பிட்டா, தேவையில்லாத கோடை எல்லாம் டெலீட் பண்ணிட்ட புரோகிராம் மாதிரி. தினமும் யாரோ புது மாவு போடுவாங்கங்கற நம்பிக்கையிலயே வாழப் பழகிடுச்சு. புளிச்ச மாவுக்கு வெளியே அதைப் பார்க்கறது அரிது.

இதைப் படிச்சதும் என் ஃப்ரெண்டுக்குச் சொல்ல ஒரு பதில் கிடைச்சது. ரெசிப்பி எல்லார்கிட்டயும் இருக்கு. மாவு, தண்ணி, உப்பு. சாஃப்ட்வேர்ல அது கோட் மாதிரி, எங்கே வேணும்னாலும் காப்பி பண்ணிக்கலாம். வாளியில இருந்தது டேட்டா. 20,000 நாள் யாரோ ஒருத்தர் மறக்காம செஞ்ச வேலையோட விளைவு. லூயிஸ் அம்மா நினைச்சிருந்தா மாவும் தண்ணியும் கலந்து ரெண்டு வாரத்துல புதுசா ஒண்ணைப் புளிக்க வச்சிருக்கலாம். ரொட்டியும் வந்திருக்கும். ஆனா அது முதல் நாள்ல இருந்து ஆரம்பிச்ச மாவு. அந்த ருசிக்கு எப்போ வந்து நிக்கும்னு யாராலயும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

அப்பத்தாவோட உறை

இப்போ அந்தப் பழைய பாக்கி.

எங்க வீடு மதுரை. எங்க வீட்டுத் தயிருக்கு ஒரு கதை உண்டு. அப்பத்தா கல்யாணமாகி மேலூர்ல இருந்து வந்தப்போ, தூக்குவாளியில கொண்டு வந்த உறைதான் இன்னும் ஓடுதுன்னு சொல்லும். அம்மா மருமகளா வந்த நாள்ல இருந்து தினமும் ராத்திரி உறை ஊத்தறது அம்மா வேலை. பாலைக் காய்ச்சி, ஆற வச்சு, சுண்டு விரலை விட்டுப் பார்த்து, ஒரு கரண்டி பழைய தயிர். அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும் எல்லாத்துலயும் சண்டை. குழம்புல உப்புக்குச் சண்டை, கொடியில துணிக்குச் சண்டை. கடைசி ரெண்டு மூணு வருஷம் அப்பத்தா படுத்த படுக்கை. ஆனா ராத்திரி ஒன்பது மணி ஆனா கட்டில்ல இருந்து குரல் வரும்: “உறை ஊத்திட்டியா?” அம்மா அடுப்படியில இருந்து, “ஊத்தியாச்சு அத்தை.” அந்த ரெண்டு வரியில மட்டும் சண்டை இருக்காது.

2018-ல அப்பத்தா போயிருச்சு. வீட்டுல அடுப்பு எரியலை. சாப்பாடு சொந்தக்காரங்க வீட்டுல இருந்து வந்துச்சு. நாலஞ்சு நாள் கழிச்சு அம்மா அடுப்படியைக் கழுவும்போது பார்த்தா, தயிர்ச் சட்டியில பூஞ்சை. அம்மா அப்படியே தரையில உட்கார்ந்து அழுதாங்க. அப்பத்தாவை எடுத்துட்டுப் போனப்போகூட அவ்வளவு அழலை.

நான் அப்போ இன்ஜினியரிங் முடிக்கற நேரம். எல்லாம் தெரிஞ்ச வயசு. “ஏம்மா, பாக்டீரியாதானே? கடைத் தயிர்ல ஒரு ஸ்பூன் எடுத்து ஊத்தினா காலையில தயிர் ரெடி. இதுக்குப் போய் அழறே?” அப்படின்னேன்.

அம்மா பதில் சொல்லலை. எதிர்வீட்டு அக்காதான் அன்னைக்குச் சாயங்காலம் ஒரு டம்ளரை முந்தானையில மூடிக் கொண்டு வந்து கொடுத்தாங்க. “உங்க வீட்டு உறைதான் மதினி. போன தீபாவளிக்கு உங்ககிட்ட வாங்கினது, எங்க வீட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு” அப்படின்னாங்க. பேக்கப் இருந்திருக்கு. எங்களுக்கே தெரியாம.

நான் சொன்னது அறிவியல்படி தப்பில்லை. அப்பத்தா கொண்டு வந்த பாலோட ஒரு மூலக்கூறுகூட அந்தச் சட்டியில இருந்திருக்காது. நடுவுல எத்தனை தடவை திரிஞ்சு போய் யார் வீட்டுல கடன் வாங்கினாங்களோ, யார் கண்டா. ஆனா அம்மா அழுதது பாக்டீரியாவுக்கு இல்லைன்னு எனக்கு இவ்வளவு நாள் கழிச்சு, அந்த வாளிக்கு முன்னாடி நின்னப்போதான் உறைச்சுது. அந்த நாலு நாள் அம்மா ஏன் மறந்தாங்க? ஒன்பது மணிக்குக் கேக்கறதுக்கு ஆள் இல்லை. அதான்.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். அங்கே காலை பத்து மணி, மதுரையில ராத்திரி பத்தரை. சாப்பிட்டியா, குளிருதான்னு எல்லாம் கேட்டு முடிச்சாங்க. நான், “உறை ஊத்திட்டியாம்மா?”ன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஊத்தியாச்சு. எதுக்குடா கேக்குற?”

சும்மாதான்னு சொல்லிட்டு, 2018-ல பேசினதுக்கு ஸாரியும் சொன்னேன். அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லையாம். எனக்கு இருந்துச்சு.

நம்ம ஊர்ல செய்யலாமா?

கேள்வி வரும்னு தெரியும், அதனால சுருக்கமா சொல்லிடறேன். செய்யலாம். 50 கிராம் முழுக்கோதுமை மாவு, 50 கிராம் தண்ணி, ஒரு கண்ணாடி பாட்டில். தினமும் பாதிக்கு மேல எடுத்துட்டு, அதே அளவு புது மாவும் தண்ணியும் சேருங்க. எடுத்ததைக் கீழே கொட்ட வேண்டாம், தோசை மாவுல கலந்துடலாம்.

ரெண்டாம் மூணாம் நாள் திடீர்னு பொங்கும். சந்தோஷப்படாதீங்க, அது வேற பாக்டீரியா. நாலாம் நாள் அப்படியே அடங்கிடும். நிறைய பேர் செத்துப்போச்சுன்னு இங்கேதான் விட்டுடறாங்க. அமிலம் ஏற ஏறப் பழைய கூட்டம் ஒதுங்கி, புளிப்பைத் தாங்கற கூட்டம் குடியேற நாலஞ்சு நாள் ஆகும். தொடர்ந்து தீனி போடுங்க. ஒன்றிரண்டு வாரத்துல, தீனி போட்ட சில மணி நேரத்துல ரெண்டு மடங்கா உயர ஆரம்பிக்கும். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்புன்னு நிறம் தெரிஞ்சா மட்டும் யோசிக்காம கொட்டிடுங்க.

நம்ம ஊர்ல இருக்கற பிரச்சினை வெயில். அந்தச் சான்ஃபிரான்சிஸ்கோ பாக்டீரியாவுக்கு 32 டிகிரி செல்சியஸ் ரொம்பப் பிடிக்கும். கூட இருக்கற ஈஸ்ட்டுக்கு 27 டிகிரிதான் சுகம், 36-க்கு மேல வளரவே வளராது. அதனால சென்னை மே மாசத்துல மாவு புளிக்கும், ஆனா உப்பாது. அப்போ பழைய மாவைக் குறைச்சு, புது மாவை அதிகமாக்குங்க. ஒரு பங்கு பழசுக்கு அஞ்சு பங்கு மாவு, அஞ்சு பங்கு தண்ணி. தண்ணி சில்லுனு இருக்கட்டும். ஊருக்குப் போறீங்கன்னா ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுப் போங்க, ஒரு வாரம் தாங்கும்.

முக்கியமா, ஸ்டார்ட்டர் நல்லா வந்ததும் கொஞ்சம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துடுங்க. ஏன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டுல யார் உறை ஊத்தறாங்களோ அவங்ககிட்ட, இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க. பால் பாக்கெட்டோட வந்த கடைத் தயிர்னு சொன்னாலும் பரவாயில்லை, அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. பதிலை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சிலதைப் போடறேன். அதுவரைக்கும், பை பை மக்களே!